மேற்குக் காட்டுப் பாடு

எல்லப்பனுக்கு மான் விழுந்தது.

வலையில் இல்லை, சீட்டில். கோட்டைச் சேவகன் சம்பந்தம் தோணிரேவுக் குப்பத்து மணலில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, பானைக்குள் கையை விட்டு மூன்று ஓலை நறுக்குகளை எடுத்தான். ஒவ்வொன்றிலும் ஒரு குடும்பத்தின் குறி கீறியிருக்கும். முதல் இரண்டு குறிக்காரர்களும் செத்துப் பல வருஷம் ஆகியிருந்தது. கோட்டையில் வைத்திருந்த குறிகள் அவ்வளவு பழசு. மூன்றாவதில் நண்டுக் கால் இருந்தது. அது எல்லப்பன் வீட்டுக் குறி.

“அடிச்சுதுய்யா யோகம்! ஒரு கடமான், ஒரு புள்ளிமான். வர்ற புதன்கிழமை விடிஞ்சதுலேருந்து பொழுது சாயறவரைக்கும் மேற்குக் காட்டுல நீ வேட்டையாடிக்கலாம். துரை உத்தரவு,” என்றான் சம்பந்தம்.

“மானை வெச்சிக்கினு நான் இன்னாய்யா பண்றது? நான் கேட்டது முகத்துவாரம்,” என்றான் எல்லப்பன்.

இந்த அநியாயத்தை விளக்கிவிட வேண்டும். பழவேற்காட்டில் ஒலாந்தாக்காரர்கள், அதாவது டச்சுக்காரர்கள், கோட்டை கட்டிக் கொடியேற்றி உட்கார்ந்திருந்த காலம் அது. ஏரியில் எந்த இடத்தில் யார் வலை போடுவது என்பதை மீன்பிடிக்கிறவர்கள் தங்களுக்குள் சீட்டுக் குலுக்கிப் பிரித்துக்கொள்வார்கள். அதற்குப் பாடு என்று பெயர். பாடு விழுந்துவிட்டால் அவன் நாள் முடிகிறவரை அந்த இடம் அவனுடையது. வேறு எவனும் அங்கே வலையை நனைக்கக் கூடாது. அவன் வலையில் எது விழுந்தாலும் அவனுக்குத்தான்.

பாடுகளிலேயே பெரிய பாடு, ஏரி கடலோடு சேர்கிற முகத்துவாரம். ஒரு குடும்பத்துக்கு ஏழு வருஷத்துக்கு ஒரு பருவம்தான் அது வரும். எல்லப்பன் முறை வந்த பருவம் பார்த்துக் கோட்டைத் துரை முகத்துவாரத்தைப் பிடுங்கிக்கொண்டார். கப்பல் சரக்குப் படகுகளுக்கு வலை இடைஞ்சலாம். கப்பல் வருவதோ வருஷத்துக்கு இரண்டு! ஊரே கோட்டை வாசலில் போய்க் கத்தியது. துரை மனம் இளகிவிட்டார். பறிபோன பாட்டுக்கு ஈடாக, வருஷம் மூன்று பேருக்குச் சீட்டுப் போட்டு மான் வேட்டைக்கு அனுமதி என்று தமுக்கடிக்கச் சொன்னார். சீட்டு இல்லாமல் காட்டில் வேட்டையாடினால் முதுகுத்தோல் உரியும் என்பதும் அதே தமுக்கில் வந்தது. மீனைப் பிடுங்கிக்கொண்டு மானைக் கொடுக்கிற மகராசனை எந்தத் தேசத்தில் பார்க்க முடியும்? அதிலும் கடமானை அந்தக் காட்டில் கண்ணால் கண்டவர் ஒருவர்கூட இல்லை.

“சீட்டைத் திருப்பிக் குடுத்துடு எல்லப்பா. மான் வேட்டைக்குப் போனா, முகத்துவாரத்தை நாமளே வுட்டுக்குடுத்த மாதிரி ஆயிடும்,” என்றார் ஊர்ப் பெரியதனக்காரர் வேதாசலம்.

ஊர் ஆமாம் போட்டது. எல்லப்பனும் திருப்பிக் கொடுப்பதாகத்தான் இருந்தான். சம்பந்தம்தான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கவில்லை.

“குடுத்துடு, அதான் நல்லது. பானையைக் குடுக்கும்போதே துரை சிரிச்சாரு, மீன்காரனாவது மான் புடிக்கிறதாவதுன்னு.”

எல்லப்பன் முகம் சிவந்தது. அவன் பெண்டாட்டி திரௌபதி மீன் கூடையை இறக்கி வைத்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டாள். இந்த முகத்தை அவளுக்குத் தெரியும். ‘உன்னால முடியாது’ என்று எவனோ சொன்னதற்காக, கல்யாணத்தன்று மாப்பிள்ளைக் கோலத்தில் ஏரியை நீந்திக் கடந்து வந்த மனிதன் அவன்.

“சிரிச்சானா? ஏரியில விழுந்தா இன்னா, காட்டுல விழுந்தா இன்னா, பாடு பாடுதான். புதன்கிழமை மேற்குக் காடு என் பாடு. நான் போறேன்!”

“அப்ப நானும் ஒண்ணு சொல்றேன்,” என்றார் வேதாசலம். அவருக்கும் கோபம் வந்துவிட்டது. “ஊர் பேச்சை மீறிப் போற. வெறுங்கையோட திரும்பி வந்து கோட்டைக்காரன் நம்மளப் பாத்துச் சிரிச்சான்னா, ஏழு வருஷத்துக்கு உனக்கு எந்தப் பாடும் கெடையாது.”

“செரி!”

“இன்னாய்யா செரி?” என்று திரௌபதி பாய்ந்தாள். “மூணு புள்ளைங்க கீது வூட்ல. ஏழு வருஷம் இன்னாத்தைத் துண்றது, உன் வீறாப்பையா?”

எல்லப்பன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு தோணிப் பக்கம் நடந்தான்.

மறுநாள் சம்பந்தம் கோட்டையிலிருந்து ஒரு துப்பாக்கி கொண்டுவந்து கொடுத்தான். சீட்டு விழுந்தவனுக்குப் புதன்கிழமை வரைக்கும் இரவல். அதைத் தோளில் வைத்தால் எல்லப்பன் ஒரு பக்கமாகச் சாய்ந்தான். எதற்கும் பழகிப் பார்ப்போமே என்று கரையில் நின்ற பனைமரத்தைக் குறிவைத்துத் திரியைப் பற்றவைத்தான். இடி இடித்தது. எல்லப்பன் மல்லாந்து விழுந்தான். புகை விலகியபோது பனைமரம் பத்திரமாக இருந்தது. பத்தடி தள்ளிக் கிடந்த அவனுடைய தோணியின் அடியில் ஓர் ஓட்டை இருந்தது.

“மச்சான், தோணி அசையாம நின்னுக்கினு இருந்துச்சே, அதையே இவ்ளோ சோக்கா அடிச்சிட்ட. ஓடுற மான் எம்மாத்திரம்?” என்றான் திரௌபதியின் தம்பி கண்ணப்பன்.

“கம்முனு ஓட்டையை அடைடா.”

ஓட்டையை அடைக்க ஒரு நாள் போயிற்று. எல்லப்பன் துப்பாக்கியைச் சம்பந்தத்திடம் விட்டெறிந்துவிட்டு வந்தான். “வலையை வெச்சிக்கினு வெடியைத் தூக்கினேன் பாரு, என்னைச் சொல்லணும். மானையும் வலையிலதான் புடிக்கப் போறேன்,” என்று ஊரெல்லாம் சொன்னான். ஆனால் அவனுடைய வலைகள் இறால் வலைகள். மான் தும்மினால் கிழிந்துவிடும். ஊருக்கே பொதுவாக ஒரு பெரிய வலை இருந்தது. எட்டுப் பேர் தூக்க வேண்டிய வலை. அதைக் கேட்டு வேதாசலம் வீட்டு வாசலில் போய் நின்றான்.

“பெரிய வலையையா? நாலு தலைமுறையா பின்னின வலைடா அது! எடுத்துக்கினு போ. கிழிஞ்சு வந்தா இன்னும் ஏழு வருஷம் சேத்துக்குவேன்,” என்றார் அவர்.

“சேத்துக்கோங்க!”

திரௌபதி விரல் விட்டு எண்ணினாள். “பதினாலு வருஷம். மானு, காடு, பதினாலு வருஷம். எங்கியோ கேட்ட கதையா கீதே! இந்தா, நல்லா கேட்டுக்கோ, நான் கூட வரமாட்டேன்.”

செவ்வாய்க்கிழமை, கோட்டைக்குள் பாதிரியார் வீட்டில் சமைக்கிற ஆரோக்கியமேரி திரௌபதியிடம் மீன் வாங்க வந்தாள். வந்தவள் ஒரு சேதி கொண்டுவந்தாள்.

“நாகப்பட்டினத்துலேருந்து பெரிய துரை வர்றாராம்க்கா. நம்ம துரை வேலை செய்யற லட்சணத்தை ஆராயறதுக்கு. விருந்துல மான் கறி போட்டே ஆவணும்னு துரை ஒத்தக்கால்ல நிக்குறாரு. சீட்டு விழுந்த மத்த ரெண்டு பேரும் செத்துட்டாங்களாமே. அண்ணனுக்குக் கெடைக்கிற மானைத்தான் கேக்கச் சொன்னாங்க.”

திரௌபதிக்கு மூச்சு வந்தது. மானைக் கொடுத்து முகத்துவாரத்தைக் கேட்கலாமே! அவள் வாயைத் திறப்பதற்குள் வலை பின்னிக்கொண்டிருந்த எல்லப்பன் எழுந்துவிட்டான்.

“என் பாட்டுல விழுற மானை அவனுக்கா? நாய்க்குப் போட்டாலும் போடுவேன், கோட்டைக்கு ஒரு துண்டு கெடையாது. இதை அப்படியே போய்ச் சொல்லும்மா!”

ஆரோக்கியமேரி நல்ல பெண். அப்படியே போய்ச் சொன்னாள்.

புதன்கிழமை விடிந்ததும் எல்லப்பனும் கண்ணப்பனும் இன்னும் ஆறு பேரும் ஏரியின் மேற்குக் கரையில் இறங்கி, வலையைத் தூக்கிக்கொண்டு காட்டூரைத் தாண்டி நடந்தார்கள். காட்டு ஓரத்தில் காட்டூர்ப் பவுனம்மாள் எருமை மேய்த்துக்கொண்டிருந்தாள். நெல் விளைவிக்கிற குடும்பம். பேச்சில் யாருக்கும் பாக்கி வைக்கமாட்டாள்.

“ஆயா, இன்னிக்குக் காடு என் பாடு. யாரும் உள்ள வரக் கூடாது,” என்றான் எல்லப்பன்.

“அதை எருமைகிட்டச் சொல்லு. நான் சொல்லியே அதுங்க கேக்குறதில்ல,” என்றாள் பவுனம்மாள். வேடிக்கை பார்க்க வசதியாக ஒரு மர நிழலில் போய் உட்கார்ந்தும்விட்டாள்.

காட்டுக் குட்டைக்குப் போகிற தடத்தை மறித்து மரத்துக்கு மரம் வலையைக் கட்டினார்கள். பழக்க தோஷம், மேலே மிதப்புக் கட்டைகளும் கீழே கல் குண்டுகளும் அப்படியே இருந்தன. நாலு பேர் எதிர்ப்பக்கம் போய், மீனை விரட்டத் தண்ணீரில் அடிப்பதுபோல, துடுப்பால் தரையை அடித்துக்கொண்டு வந்தார்கள். உண்மையாகவே ஒரு புள்ளிமான் வந்தது. வலைக்கு நாலு முழம் முன்னால் நின்றது. மூக்கைத் தூக்கி மோந்து பார்த்தது. நாலு தலைமுறை மீன் நாற்றம் அதன் மூக்கில் ஏறியிருக்க வேண்டும். ஒரு தும்மல் போட்டுவிட்டு, வலையைச் சுற்றிக்கொண்டு, அந்தப் பக்கம் போய் நின்று இவர்களைத் திரும்பிப் பார்த்தது. அப்புறம் போய்விட்டது.

“நாத்தத்தை மறைக்கணும்,” என்றான் எல்லப்பன். பச்சைத் தழையை ஒடித்து வலை முழுவதும் செருகினார்கள். மான் வரவில்லை. தழையைத் தின்ன எருமை வந்தது. கொம்போடு வலையில் மாட்டிக்கொண்டது.

“அய்ய, மான் புடிக்க வந்த மூஞ்சியப் பாரு! என் எருமைக்கு ஒரு கீறல் விழுந்துச்சு, உன் வலையை எரிச்சிடுவேன்!” என்று பவுனம்மாள் ஓடி வந்தாள். எருமையை விடுவிக்க அரை நாழிகை ஆயிற்று. எருமை போகும்போது கண்ணப்பன் காலை மிதித்துவிட்டுப் போனது.

எல்லப்பன் வியர்த்துப்போய் யோசித்தான். வலையைக் குறுக்கே கட்டினால்தானே தெரிகிறது? தலைக்கு மேலே கட்டினால்? குட்டைக்கரை ஆலமரத்தின் கிளைகளில் வலையை விரித்துக் கட்டி, கயிறுகளைப் பிடித்துக்கொண்டு புதரில் பதுங்கினார்கள். மான் தண்ணீர் குடிக்க வந்தால் கயிற்றை விடவேண்டியது, கல் குண்டுகள் வலையைக் கீழே கொண்டுவந்துவிடும். கண்ணப்பன்கூட இந்த முறை கிண்டல் செய்யவில்லை.

கொஞ்ச நேரத்தில் சருகு சலசலத்தது. புதருக்கு அப்பால் ஏதோ பழுப்பு நிறம் குனிந்து குனிந்து நகர்ந்தது. பெரிய உருவம். புள்ளி இல்லை.

“கடமான்!” என்று எல்லப்பன் கிசுகிசுத்தான். “வுடு!”

வலை விழுந்தது. வலை விழுந்ததும் இழுத்துச் சுருட்டுவது மீன்காரன் கைக்குப் பிறவிப் பழக்கம். எவனும் யோசிக்கவில்லை. எட்டுப் பேரும் ஏலேலோ போட்டு இழுத்த இழுப்பில் வலை வாய் மூடி, கிளை மேல் கயிறு ஏறி, உள்ளே விழுந்தது தலைகீழாக அந்தரத்தில் தொங்கியது.

“இன்னா கனம்! இன்னா கனம்!” என்று கண்ணப்பன் குதித்தான்.

“அவிழ்!” என்றது கடமான். “உடனே அவிழ்!”

கோட்டைத் துரை. பதினோரு வருஷமாகத் தமிழ் பேசுகிறவர், ஆனால் உத்தரவு தவிர வேறு எதையும் அந்த பாஷையில் பேசிப் பழகாதவர். பெரிய துரையின் விருந்துக்கு மான் வேண்டும், சீட்டு வைத்திருப்பவனோ தரமாட்டேன் என்றுவிட்டான். தன் உத்தரவைத் தானே மீறுவதைச் சிப்பாய்கள்கூடப் பார்க்கக் கூடாதென்று பழுப்புச் சட்டை போட்டுக்கொண்டு தனியாக வந்திருந்தார். அவர் துப்பாக்கி குட்டையில் கிடந்தது.

கண்ணப்பன் திரும்பிப் பார்த்தான். மற்ற ஆறு பேரும் காட்டிலேயே இல்லை. அவன் கையும் கயிற்றை விடப் பார்த்தது.

“வுட்றாதே! மரத்துல கட்டு,” என்றான் எல்லப்பன். அவனுக்கும் ஓடிவிடத்தான் தோன்றியது. ஆனால் துரை சிரித்தாராமே என்ற நினைப்பு வந்ததும் அந்த எண்ணம் போய்விட்டது. வலைக்கு முன்னால் போய் இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றான்.

“சீட்டு எங்க துரை?”

“என்ன சீட்டு?”

“சீட்டு இல்லாதவன் இந்தக் காட்டுல வேட்டையாடக் கூடாது, மீறினா முதுகுத்தோல் உரியும். நீங்க போட்ட உத்தரவு. மூணு தடவை தமுக்கடிச்சாங்க.”

“நான் துரை!”

“இருந்துட்டுப் போங்க. பானையில உங்க குறி இல்லியே.”

“நாளை உனக்குத் தூக்கு!”

“நாளைக்குத்தானே? இன்னிக்கு நீங்கதான் தொங்கிக்கினு கீறீங்க.”

துரை இடுப்பிலிருந்த கத்தியை உருவி வலையை அறுத்தார். “ஐயோ, கிழிக்காதே! ஊர் வலை!” என்று எல்லப்பன் தாவுவதற்குள் ஒரு முழம் கிழிந்துவிட்டது. கத்தியைப் பிடுங்கி எறிந்துவிட்டு அவன் அப்படியே தரையில் உட்கார்ந்தான். பதினாலு வருஷம்! பெரியவனுக்கு மீசை முளைத்துவிடும். மூன்று பிள்ளைகளின் முகங்களும் ஒன்றன்பின் ஒன்றாக வந்து நின்றன. அழுகை வந்தது. அழுகைக்குப் பின்னாலேயே, இத்தனை நாளும் உள்ளே கிடந்த ஆத்திரமும் வந்தது.

“துரை! எங்க ஏரியில ஒரு வழக்கம் கீது. ஒருத்தன் பாட்டுல இன்னொருத்தன் பூந்து வலையைக் கிழிச்சா, கிழிச்சவன் தன் பாட்டைத் தூக்கிக் குடுக்கணும். உங்க பாடு எது?”

“எனக்குப் பாடு கிடையாது!”

“ஏன் கெடையாது? முகத்துவாரத்தை எடுத்துக்கினீங்க இல்ல, அதான் உங்க பாடு. அதைக் குடுங்க.”

“நியாயமாத்தான் கேக்குறான்,” என்றாள், வேடிக்கை பார்க்கக் குட்டைக்கரைக்கே வந்துவிட்ட பவுனம்மாள், மர நிழலிலிருந்து.

துரை கத்தினார், மிரட்டினார், தன் பாஷையில் திட்டினார். தலைகீழாகத் தொங்கிக்கொண்டு ஒருவர் எவ்வளவு நேரம்தான் திட்ட முடியும்? முகம் கத்தரிக்காய் நிறத்துக்கு வந்தபிறகு, “இறக்கு. எழுதித் தருகிறேன்,” என்றார்.

தரையில் உட்காருகிற அளவுக்கு இறக்கினார்கள். வலையை அவிழ்க்கவில்லை.

“எழுதுங்க. ஆனா ஒண்ணு. முகத்துவாரத்துல காவலுக்கு நிக்குற சம்பந்தத்துகிட்ட என் மச்சான் கண்ணப்பன் அதைக் கொண்டுபோய்க் காட்டுவான். அவன் பாத்துட்டு இன்னா செய்யறான்னு தெரிஞ்சப்புறந்தான் வலையை அவுப்பேன்.”

அதைக் கேட்டதும் துரையின் முகம் ஏனோ தெளிந்தது. “காட்டு. அவனிடம் அவசியம் காட்டு,” என்றார். சட்டைப் பையிலிருந்து சின்னப் புத்தகத்தை எடுத்து ஒரு தாளைக் கிழித்து, கரிக்கோலால் தன் பாஷையில் மளமளவென்று நாலு வரி எழுதினார். துப்பாக்கி மருந்தை எச்சிலில் குழைத்து மோதிரத்தில் தடவி, கீழே அழுத்தமாக முத்திரை வைத்தார்.

“அப்படியே மானுங்க என் நெல்லுல வாய் வெக்கக் கூடாதுன்னு ஒரு வரி எழுதச் சொல்லுப்பா,” என்றாள் பவுனம்மாள். துரை அதை எழுதவில்லை.

கண்ணப்பன் எருமை மிதித்த காலோடு ஓடினான். போகும்போது காற்று தோணியைத் தள்ளிக்கொண்டு போயிற்று. திரும்பும்போது அதே காற்று எதிர்த்தது. அவன் வருவதற்குள் பவுனம்மாள் துரைக்கு வலைக்கண் வழியாகக் கேழ்வரகுக் கூழும் கருவாடும் கொடுத்தாள். துரை முதலில் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அப்புறம் இரண்டு முறை கேட்டு வாங்கிக் குடித்தார். நொடிக்கொரு தரம் கிழக்கே பார்த்துக்கொண்டிருந்தார்.

வெயில் தாழ்ந்தபோது கண்ணப்பன் வந்தான். தனியாகத்தான் வந்தான்.

“மச்சான்! சம்பந்தம் எழுத்தைப் பாக்கவே இல்ல, முத்திரையைப் பாத்தான். கண்ணுல ஒத்திக்கினான். ஒரு சலாம் போட்டான் பாரு! துரை உத்தரவு ஆயிடுச்சு, நாளைக்கே வலை போட்டுக்கோங்கன்னுட்டான்!”

“வேறு ஒன்றும் சொல்லவில்லையா?” என்றார் துரை.

“வேற இன்னா சொல்லணும்?”

துரை கண்களை மூடிக்கொண்டு தன் பாஷையில் ஏதோ முணுமுணுத்தார். ஜெபம் மாதிரித் தெரியவில்லை. எல்லப்பன் சொன்ன சொல் தவறாமல் வலையை அவிழ்த்துவிட்டு, குட்டையிலிருந்து துப்பாக்கியையும் எடுத்துக் கொடுத்தான். துரை யாரையும் பார்க்காமல் நடந்து மறைந்தார்.

தோணிரேவில் யாரும் எல்லப்பனைக் கொண்டாடவில்லை. வேதாசலம் வலையின் கிழிசலையும் அவன் கையிலிருந்த தாளையும் மாறி மாறிப் பார்த்தார்.

“மானும் இல்ல, வலையும் கிழிஞ்சுது. துரையைக் கட்டி வேற வெச்சிருக்க. நாளைக்குச் சிப்பாயிங்க வந்து ஊரையே கொளுத்தப் போறாங்க.”

“வரட்டும். நான் முகத்துவாரத்துல இருப்பேன். வந்து பேசச் சொல்லுங்க,” என்றான் எல்லப்பன்.

வியாழக்கிழமை அவனும் கண்ணப்பனும் மட்டும் போய் வலை போட்டார்கள். சிப்பாய் வரவில்லை. இறால் வந்தது, தோணி தாழ்கிற அளவுக்கு. அதைப் பார்த்ததும் ஊருக்குத் தைரியம் வந்துவிட்டது. வெள்ளிக்கிழமை தோணிரேவே முகத்துவாரத்தில் நின்றது, திரௌபதி உட்பட.

அன்றைக்குத்தான் நாகப்பட்டினத்துப் பெரிய துரையின் படகு முகத்துவாரத்துக்குள் நுழைந்தது. வரவேற்கப் போன நம் துரை அவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். பெரிய துரை வலைகளைப் பார்த்தார். புருவத்தைத் தூக்கினார். விரலை நீட்டி ஏதோ கேட்டார். பாஷை புரியாவிட்டாலும், ‘தடை போட்டதாக எழுதினீரே, இது என்ன?’ என்கிற கேள்வி எல்லாருக்கும் புரிந்தது.

சம்பந்தம் பெருமையாக முன்னால் வந்தான். எல்லப்பனிடமிருந்து தாளை வாங்கி, இரண்டு கையிலும் ஏந்திப் பெரிய துரையிடம் நீட்டினான். எல்லப்பன் இடுப்பளவு தண்ணீரில் நின்றான். இந்தத் தாள் போனால் முகத்துவாரம் போயிற்று, பதினாலு வருஷம் போயிற்று.

பெரிய துரையின் கை தாளைத் தொடுவதற்குள் நம் துரை பாய்ந்தார். படகு கவிழப் பார்த்தது. தாளைப் பறித்து, ஒரு பார்வை பார்த்து, காது வரை சிவந்துபோனார்.

“அது எங்க சீட்டு துரை, குடுத்துடுங்க,” என்று எல்லப்பன் கையை நீட்டினான். குரல் அவனுக்கே தெரியாமல் உயர்ந்தது. “இல்லாட்டி அதுல இன்னா எழுதிக் கீதுன்னு பெரிய துரையையே படிக்கச் சொல்லுங்க. ஊர் மொத்தமும் கேக்கட்டும்!”

துரையின் நெற்றியில் வியர்வை வழிந்தது. தாளை நாலாக மடித்து எல்லப்பன் கையில் திணித்தார். பெரிய துரையிடம் சிரித்துக்கொண்டே ஏதோ சொன்னார். பிறகு தண்ணீரைப் பார்த்தபடி தமிழில் உத்தரவு போட்டார்.

“வலை போடு. எப்போதும் போடு. அந்தத் தாளை உள்ளே வை!”

அன்று சாயங்காலம் வேதாசலமே எல்லப்பன் வீடு தேடி வந்தார். பதினாலு வருஷமும் தள்ளுபடி. கிழிசலைத் தன் கையாலேயே முடிச்சுப் போட்டுச் சரிசெய்துவிட்டதாகச் சொன்னார். திரௌபதி இறால் வறுத்துப் போட்டாள். “உன் வீறாப்பு ஒரு தடவைதான் உருப்பட்டிருக்கு. மறுபடி ஆரம்பிச்சிடாதே,” என்றாள். ஆனால் சிரித்துக்கொண்டேதான் சொன்னாள்.

மறுநாள் ஆரோக்கியமேரி இறால் வாங்க வந்தபோது எல்லப்பன் அந்தத் தாளை ஊர் நடுவே உயர்த்திப் பிடித்துக்கொண்டிருந்தான்.

“நீ பாதிரியார் வூட்ல அவங்க எழுத்துப் படிக்கக் கத்துக்கினியாமே. துரை என்னைப் பத்தி இன்னா மரியாதையா எழுதிக் கீறாருன்னு, எல்லாருக்கும் கேக்குற மாதிரி படிம்மா!”

அவள் வாங்கிப் படித்தாள். மறுபடியும் முதலிலிருந்து படித்தாள். கோட்டை இருக்கிற பக்கம் ஒரு பார்வை பார்த்துக்கொண்டாள். வாயைப் பொத்திக்கொண்டு, சிரிப்பை அடக்க முடியாமல் சொன்னாள்:

“‘ஒரு மீன்காரன் என்னைக் காட்டுல வலை போட்டுப் புடிச்சு வெச்சிருக்கான், உடனே வந்து என்னை அவுத்து வுடு, ஆனா கோட்டையில ஒருத்தருக்கும் தெரியக் கூடாது’ன்னுதாண்ணா எழுதிக் கீது.”